பிர்மி தேவி கொண்டுவந்த உப்பு

குமான் சிங் முதல் தேர்தலில் ஜெயித்ததற்குக் கட்சியும் கொடியும் காரணம் என்று சொல்பவர்கள் கண்டோரி ஊரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். காரணம் ஒரு பித்தளைச் செம்பு, அதில் பாதித் தண்ணீர், ஒரு கை உப்பு. அந்தச் செம்பையும் உப்பையும் தன் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஊர் நடுவே வைத்தவள் அவன் மனைவி பிர்மி தேவி. எடுத்துப் போன நாளில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே மனம் ஆறாது.

குமான் சிங் அப்போது பஞ்சாயத்துப் பிரதான், அதாவது ஊர்த் தலைவன். அதற்கு முன்னால் இஞ்சி மூட்டைகளைக் கீழே சந்தைக்கு ஏற்றிவிடும் தரகன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் தன் வாயோடு அடுத்தவன் வாயையும் சேர்த்து வாங்கிவந்தவன். அழுகின இஞ்சியை எடுத்துக் காட்டி, "மலை மண்ணோட வாசனைங்க, முகர்ந்து பாருங்க" என்று விற்றிருக்கிறான். ஆனால் கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் பாடை கட்ட முதல் ஆளாக நிற்பான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறான். இந்த இரண்டு குணமும் ஒரே உடம்பில் இருப்பவன்தான் அரசியலுக்கு வருகிறான்.

சட்டசபைத் தேர்தல் வந்தபோது மேட்டு ஊர்களிலிருந்து இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவன் குமான். இன்னொருவன் அவனோடு கூடவே மாடு மேய்த்து வளர்ந்த ஜாலம் சிங். ஜாலம் பேச்சு குறைந்தவன். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும் என்று மாவட்ட ஆபீஸ் வாசலில் பனியில் உட்கார்ந்து, சாதித்து, காது மடல் கறுத்துப்போய்த் திரும்பி வந்தவன். நியாயமாகப் பார்த்தால் அவன் நிற்க வேண்டிய தேர்தல் அது. இரண்டு பேரும் நின்றால் மலை ஓட்டு பிளந்து சமவெளிக்காரன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அதனால் சிர்குல் தேவதா கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. வீட்டுக்கு ஓர் ஆண் உள்ளே. பெண்கள் மதில் ஓரம்.

பொழுது சாயும் வரை பேச்சு இழுத்தது. கடைசியில் ஜாலம்தான் எழுந்தான்.

"நீ நில்லு குமானு. உனக்குப் பேச வரும், சபையில பேசுறவன்தான் வேணும். அடுத்த தடவை நான். ஆனா வாய்ச்சொல் வேண்டாம். லூண்-லோட்டா போடு."

கிரி ஆற்றுக்கு இந்தப் பக்கம் லூண்-லோட்டா, அதாவது உப்புச் செம்பு, விளையாட்டு இல்லை. செம்புத் தண்ணீரில் உப்பைப் போட்டு ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். மீறினவனின் வேர் அந்த உப்பு கரைந்த மாதிரிக் கரையும். வேர் என்றால் பிள்ளை, பேரன், அடுத்து வர வேண்டிய எல்லாம். கொலைப் பழியை மறைத்தவன்கூட உப்புச் செம்பைக் கண்டால் உண்மையைக் கக்கிவிடுவான்.

"செம்பு கொண்டா பிர்மி!" என்று குமான் மதில் பக்கம் திரும்பிக் கத்தினான். வீடு கோயிலுக்கு அடுத்ததுதான். பிர்மி ஓடிப்போய் எடுத்து வந்தாள். குமான் உப்பை அள்ளித் தண்ணீரில் விட்டு, மேடைப் பேச்சுக் குரலிலேயே சொன்னான்: "இந்தத் தடவை நான், அடுத்த தடவை ஜாலம். மீறினா என் வேர் இப்படிக் கரையட்டும். சிர்குல் தேவதா சாட்சி."

கூட்டம் ஜே போட்டது. பிர்மி திரும்பி நடந்தாள். அவள் முதுகில் சால்வைக்குள் கைக்குழந்தை சுர்ஜன் தூங்கிக்கொண்டிருந்தான். புருஷன் சொன்ன வேர் யார் என்பது மதிலைத் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குமான் ஜெயித்தான். எம்.எல்.ஏ. ஆனான். ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அவன் கடைசிவரை பிரதான்ஜிதான். சாலை வந்தது, பாதிவரை. தண்ணீர்க் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஐந்து வருஷம் முடிந்ததும் கட்சி மறுபடியும் அவனுக்கே சீட்டுக் கொடுத்தது. கொடுத்தது என்ன, சிம்லாவில் போய்க் காலைப் பிடித்து வாங்கிவந்தான். வந்து ஜாலத்தின் வயலுக்கே போய் நின்று, "என்ன செய்றது ஜாலம், மேலிடம் சொல்லிருச்சு, நான் எவ்வளவோ சொன்னேன்" என்றான்.

ஜாலம் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? தண்ணிகிட்டத்தானே சொன்னே. தண்ணிகிட்டயே பேசிக்கோ."

அவ்வளவுதான். அவன் எதிர்த்து நிற்கவில்லை, திட்டவில்லை, ஊரில் நியாயம் கேட்கவில்லை. கல்யாணம், கருமாதி என்றால் குமான் வீட்டுக்கு வந்து உட்கார்வான், நலம் விசாரிப்பான், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவான். பிர்மி டம்ளரை நீட்டியபடியே நிற்பாள். "இருக்கட்டும் பாபி, தாகம் இல்லை" என்பான், அண்ணி முறை வைத்து. அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவள் நெஞ்சு ஆறியிருக்கும். ஏசாதவனிடம் அவளுக்குப் பயமாக இருந்தது.

குமானுக்கோ துணிச்சல்தான் கூடியது. உப்புச் செம்பின் ருசி கண்டுவிட்டான் அவன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவன் ஆட்கள் செம்போடு வீடு வீடாக ஏறினார்கள். "பிரதான்ஜிக்குத்தான் ஓட்டு" என்று வீட்டுத் தலைவன் உப்புப் போட்டுவிட்டால் அந்த வீட்டு ஓட்டு மொத்தமும் பெட்டிக்குள் பூட்டியது மாதிரி. எதிராளி கறியும் சாராயமும் ஊற்றட்டும், கவலை இல்லை. தின்றுவிட்டு ஓட்டைக் குமானுக்குப் போடுவார்கள். தான் மீறிய உப்பை அடுத்தவன் மீற மாட்டான் என்று நம்பித் தொழில் நடத்தியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று பிர்மி ஒருநாள் சண்டை பிடித்தாள்.

"உப்பு தண்ணியில கரையாம மிதக்குமாடி? பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா தெரியும்."

"நம்ம பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்படிப் பாத்தா இந்தத் தொகுதியில எத்தனை பேரு வேரு கரையணும்? போய்ப் பருப்பைத் தாளி."

அவள் பருப்பைத் தாளித்தாள். ஆனால் திங்கட்கிழமைகளில் தன் தட்டுக்கு உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். சுர்ஜன் அக்ரூட் மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது செவ்வாயும் சேர்ந்தது. டைபாய்டு வந்து தலைமுடி கொட்டியபோது வெள்ளியும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது உலக வழக்கு. அந்த வீட்டில் தின்றது ஒருவர், தொண்டை வறண்டது இன்னொருவர்.

சுர்ஜன் நல்லபடியாகத்தான் வளர்ந்தான். அம்மாவிடம் பிரியம், அப்பாவிடம் பயம், எல்லோரிடமும் சிரிப்பு. சோலன் நகரத்தில் படித்தான். திரும்பி வந்து இஞ்சி வியாபாரம் பார்த்தான். குமான் சிங்குக்கு முட்டி தேய்ந்து மேடை ஏற முடியாமல் போனபோது, கட்சி இளரத்தம் கேட்டது. குமான் தன் ரத்தத்தையே காட்டினான். அடுத்த தேர்தலுக்குச் சீட்டு சுர்ஜனுக்கு என்று முடிவாயிற்று.

ஊரே வீட்டுக்கு வந்து இனிப்புத் தின்றது. பிர்மி மட்டும் இனிப்பைத் தொடவில்லை. ஜாலத்துக்கு என்று உப்புப் போட்ட நாற்காலி. அதில் அந்த வேரையே கொண்டுபோய் உட்கார வைக்கிறார்களே என்று குமைந்தாள். அந்த மாதமே இஞ்சி ஏற்றிப் போன வண்டி வளைவில் உருண்டது. ஓட்டிய பையன் போய்விட்டான். பக்கத்தில் இருந்த சுர்ஜன் ஒரு கீறல் இல்லாமல் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். தேவதா காப்பாற்றினார் என்றது ஊர். பிர்மி அப்படி நினைக்கவில்லை. தேடி வந்தது ஆளைத் தவறவிட்டது, மறுபடி வரும் என்று நினைத்தாள்.

குமானின் காலில் விழுந்தாள். உப்புச் செம்பை அவிழ்க்க வழி இருக்கிறது. யார் முன்னால் போட்டதோ அவரிடம் போய், "உடைச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போட்டவனோ அவன் ரத்தமோ சொல்லலாம். கேட்டவர் ஒரு செம்புத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்து, "விட்டேன்" என்றால் தீர்ந்தது. ஜாலமோ நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவன் போய்விட்டால் விடுவதற்கு ஆள் இல்லை.

அவள் அழுகை தாங்காமல் குமான் புறப்பட்டான். எப்படி? மாலையோடு, பழக்கூடையோடு, போனில் படம் பிடிக்க இரண்டு பேரோடு. பிர்மியும் பின்னால் போனாள். கட்டிலருகே உட்கார்ந்து, ஜாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, போன் பக்கம் முகத்தைத் திருப்பியபடி குமான் சொன்னான்: "ஜாலம் என் கூடப் பிறக்காத பிறப்பு. என் பொது வாழ்க்கையில யார் மனசாவது புண்பட்டிருந்தா, ஏதாவது தப்பு நடந்திருந்தா, நான் வருத்தப்படுறேன்."

ஜாலம் இருமி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நடந்திருந்தாவா?" என்றான். "போயிட்டு வா குமானு. பழத்தை எடுத்துட்டுப் போ."

வழியெல்லாம் குமான் பொருமினான். "இதுக்கு மேல என்ன செய்யணுமாம்? உடைச்சேன்னு சொன்னா என் கதை முடிஞ்சுது. எனக்கு உப்புப் போட்ட வீடெல்லாம் என்ன சொல்லும் தெரியுமா? உடைச்சவனுக்குப் போட்ட உப்பு கட்டாதுன்னு சொல்லும். ஒரு ஓட்டு நிக்காது."

அதுவும் உண்மைதான். உடைத்தவனுக்குப் போட்ட உப்பு யாரையும் கட்டாது. அவன் வாழ்க்கை முழுக்கச் சேர்த்த செம்புகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்துவிடும்.

மறுநாள் வெயில் ஏறியதும் பிர்மி மகனைக் கையைப் பிடித்து ஜாலம் வீட்டுக்கு இழுத்துப் போனாள். சுர்ஜன் முதலில் சிரித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஜாலத்தின் மனைவி ஷியாமோ மட்டும் வீட்டில் இருந்தாள். அவள்தான் புருஷனைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள்.

சுர்ஜன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, சித்தப்பா முறை வைத்தே பேசினான். "சாச்சா, அப்பா உங்களுக்குப் போட்ட உப்பை உடைச்சுட்டார். அந்தச் சீட்டு உங்களுது. அவர் சொல்ல மாட்டார். நான் சொல்றேன்." சொல்லும்போது அவன் குரல் நிஜமாகவே உடைந்தது. பிர்மி அதைக் கேட்டாள். அவள் பெற்ற பிள்ளைதான், பொய்யழுகை இல்லை.

ஜாலம் அவன் தலையில் கை வைத்தான். "உன்மேல எனக்கு என்னடா கோபம். ஷியாமோ, செம்பு கொண்டா." வாசலை ஒட்டிக் கிடந்த கட்டிலிலிருந்தே அவன் தண்ணீரை வெளி மண்ணில் கவிழ்க்க, ஷியாமோ தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "விட்டேன். நீ போய் ஊர் ஊரா தமுக்கடிக்க வேண்டாம். ஆனா ஒண்ணு. யாராவது கேட்டா, இல்லைன்னு சொல்லாதே. இல்லைன்னு சொன்னா நான் விட்டதும் இல்லைன்னு ஆயிரும். வீட்டுல இருந்து வந்த மத்தவங்களுக்கும் இதுதான், பாபி."

"இல்லைன்னு சொல்ல மாட்டான். நானும் சொல்ல மாட்டேன்" என்று பிர்மி கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "தண்ணி?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டுச் சொம்பிலிருந்தே ஊற்றி நீட்டினாள். ஜாலம் வாங்கிக் குடித்தான். அன்று இரவு அவள் தட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். பனி உருகும் முன்னால் ஜாலம் இறந்துபோனான்.

விஷயம் வெளியே வந்தது பகையால் இல்லை, பாராட்டால். ஊற்றடியில் ஷியாமோ தங்கச்சியிடம், "அப்பன் செய்யாததைப் பிள்ளை செஞ்சான், தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டாள். தங்கச்சி சமவெளியில் வாக்கப்பட்டவள். பத்து நாளில் எதிர்க்கட்சி வேட்பாளர் தேஜ்வீர் சந்தையில் மைக் பிடித்தான்: "மகனே ஒத்துக்கிட்டானாம், அப்பன் உப்பை உடைச்சவன்னு! அண்ணன்மாரே, உடைச்சவனுக்குப் போட்ட உப்பு உங்களை எப்படிக் கட்டும்?"

அடுத்த நாளே மேட்டு ஊர்கள் ஆட ஆரம்பித்தன. செம்போடு போன ஆட்களுக்குக் கதவு திறக்கவில்லை. பழுத்த கிழவர் ஒருவர் லோயாக் கம்பளிக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே குமானின் வாசலுக்கு வந்து, "உனக்குப் போட்ட உப்பு எங்களைக் கட்டுமா, கட்டாதா? சொல்லிரு பிரதானே, வயசான காலத்துல நான் பாவம் சேக்க முடியாது" என்று கேட்டார். கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று குமான் சிங் அவரை அனுப்பிவைத்தான். ஊர்க்கூட்டம் கூட்டினார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் பிர்மி மகனை அடுப்படியில் நிறுத்தினாள்.

"கேட்டா ஆமாம்னு சொல்லிரு. தோத்தா தோத்துட்டுப் போ. இஞ்சி போட்டுப் பொழைச்சுக்கலாம்."

"சரி மா."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

"சரின்னேனே மா. விடு." அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அதே கோயில் முற்றம். இந்தத் தடவை மைக் இருந்தது, நாற்காலி இருந்தது. கிழவர்தான் எழுந்து கேட்டார்: "சுர்ஜனா, நீ ஜாலம் வீட்டுக்குப் போனியா? உப்பு உடைஞ்சதுன்னு சொன்னியா?"

சுர்ஜன் எழுந்தான். அப்பாவைப் பார்த்தான். குமான் அவனைப் பார்க்காமல் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிர்மி மதிலோரம் நின்று, சொல்லுடா, சொல்லுடா என்று உதட்டுக்குள் முணுமுணுத்தாள்.

"ஜாலம் சாச்சா எனக்கு இன்னொரு அப்பா மாதிரி," என்று அவன் ஆரம்பித்தான். குமானின் மேடைக் குரல் அப்படியே. "ஆனா அவர் படுத்ததுக்கு அப்புறம் நான் அந்த வீட்டுப் படி ஏறினதே இல்லை. எங்க அப்பா எந்த உப்பையும் உடைக்கல. அப்போ சீட்டை வேண்டாம்னு விட்டுக் கொடுத்ததே சாச்சாதான். செத்தவங்க பேரை வெச்சு எதிரி அரசியல் பண்றான்."

கைதட்டல் கிளம்பும் முன்னே மதிலோரத்திலிருந்து ஷியாமோவின் குரல் வந்தது. கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. அவள் பேசினாள். அதுவும் அவனைப் பார்த்து இல்லை.

"பிர்மி பாபி, நீ கூட வந்தியே. தண்ணி ஊத்திக் குடுத்தியே. சொல்லு. வந்தானா, வரலையா?"

எல்லாத் தலைகளும் பிர்மி பக்கம் திரும்பின. வந்தான் என்றால் கோயில் முன்னால் பொய் சொன்னவன் என்று ஊர் அவன் முகத்தில் காறித் துப்பும். ஜென்மத்துக்கும் தலை நிமிர முடியாது. வரவில்லை என்றால்? அவன்தான் இல்லை என்று சொல்லிவிட்டானே, விட்டது திரும்பி வந்துவிட்டதே, இனி நான் காப்பாற்றுவதற்கு அவன் மானம் ஒன்றுதானே பாக்கி என்று அந்தப் பாவி மனசு கணக்குப் போட்டது. முற்றத்தின் நடுவில் மகனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவளை அப்படித்தான் பார்ப்பான்.

"வரல" என்றாள்.

ஷியாமோ அழவில்லை, சபிக்கவில்லை. தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள்.

"சரி பாபி."

கொட்டு முழங்க ஆரம்பித்தது. கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தாய் பொய் சொல்வாளா? பிர்மி ஓடிப்போய் ஷியாமோவின் கையைப் பிடித்தாள். "ஷியாமோ, நீ விட்டுரு. நீ அவரோட பாதி. ஒரு செம்புத் தண்ணி, நான் இப்பவே கொண்டாறேன்."

"போட்டது அவருக்கு," என்றாள் ஷியாமோ. "எனக்கு அதுல பாத்தியதை இல்லை. அவரு இருந்திருந்தா இன்னொரு தடவையும் விட்டிருப்பாரு, அது அவரு சுபாவம். இப்ப யாருகிட்டப் போய்க் கேப்பே?" கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

முற்றத்தில் பையன்கள் சுர்ஜனைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டார்கள். மாலையும் குலால் வண்ணப் பொடியுமாக அவன் ஆடி ஆடிக் கோயில் படிகளின் மேல் போய்க்கொண்டிருந்தான். குமான் சிங் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினான்.

"கீழ இறக்குங்கடா!" என்று பிர்மி கத்தினாள். "இறக்குங்கடா அவனை, கை விட்டுராதீங்க! இறக்குங்க!"

அம்மாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது என்று சிரித்து, அவனை இன்னும் உயரத் தூக்கினார்கள்.